வேலூரில் கடைக்கு மார்க்கெட்டிங் ஏஜென்சி: மூணு கொட்டேஷன் கையில இருக்கு, எதைப் பார்த்து முடிவு பண்றது?

#1 · சத்துவாச்சாரி ஃபர்னிச்சர்

வணக்கம். சத்துவாச்சாரியில ஃபர்னிச்சர் கடை. சோஃபா, கட்டில், மெத்தை, பசங்க படிக்கிற டேபிள். வாங்குறவங்க பெரும்பாலும் வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்துக் குடும்பங்கள். ஜூன், ஜூலையில காட்பாடி பக்கம் ரூம் எடுக்கிற காலேஜ் பசங்க மெத்தையும் டேபிளும் வாங்குவாங்க. விளம்பரத்துக்கு எல்லாம் சேர்த்து மாசம் 40,000 ரூபாய் ஒதுக்க முடியும்.

முதல் கொட்டேஷன் வேலூர் ஏஜென்சி: மாசம் 12,000. 20 போஸ்டர், 4 ரீல்ஸ், ஃபேஸ்புக் பூஸ்ட் (காசு கட்டி போஸ்ட்டை அதிகம் பேருக்குக் காட்டுறது) 3,000 உள்பட.

ரெண்டாவது சென்னை ஏஜென்சி: மாசம் 35,000, ஜிஎஸ்டி தனி, விளம்பரச் செலவு தனி, ஒரு வருஷ ஒப்பந்தம். கூகுள் பார்ட்னர் பேட்ஜ் (விளம்பர ஏஜென்சிகளுக்குக் கூகுள் தர்ற அடையாளம்) இருக்கு. 90 நாள்ல கூகுள்ல முதலிடம் கேரண்டின்னு எழுதிக் கொடுக்கிறாங்க.

மூணாவது காட்பாடியில தனியா வேலை செய்றவர்: மாசம் 8,000, அதோட விளம்பரச் செலவுல 15 சதவீதம்.

ஆடி தள்ளுபடிக்கு முன்னாடி தொடங்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 · காட்பாடிக்காரன்

மூன்றும் மூன்று வேறு பொருள். ஒன்றோடு ஒன்றை விலை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஒவ்வொருவரும் எதை விற்கிறார் என்று பிரித்துப் பாருங்கள்.

வேலூர் ஏஜென்சி விற்பது டிசைன். 12,000-ல் பூஸ்ட் 3,000 போக மீதி 9,000. அதற்கு 20 போஸ்டர், 4 ரீல்ஸ் என்றால் ஒரு உருப்படிக்கு 375 ரூபாய். டிசைன் வேலைக்கு அது நியாயமான கூலியாகவே இருக்கட்டும். ஆனால் மாதம் 20 போஸ்டர் என்று எண்ணிக்கை பேசிவிட்டால், அதை நிரப்பப் பண்டிகை வாழ்த்து, உலக தினங்கள், காலை வணக்கம் எல்லாம் வரும். மெத்தை வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு அதில் ஒரு தகவலும் இருக்காது. இந்தப் போஸ்டரைப் பார்த்து யாராவது ஃபோன் செய்தார்களா என்ற கேள்விக்கு அந்தக் கொட்டேஷனில் இடமே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு 35,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 6,300, ஆக 41,300. உங்கள் பட்ஜெட் கட்டணத்திலேயே தீர்ந்துவிட்டது. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. அவர்கள் திறமைசாலிகளாகவே இருக்கலாம், உங்கள் கடை அளவுக்குப் பொருந்தாது. கட்டணம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

மூன்றாமவர் கணக்கு கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. விளம்பரம் 25,000 என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 29,500. அவருக்கு 8,000 + 3,750. மொத்தம் 41,250, பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த 15 சதவீதம். செலவு கூடினால் அவர் வருமானம் கூடும். வீண் கிளிக்கைக் குறைத்துக் கொடுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். சதவீதத்தை எடுத்துவிட்டு 10,000 என்று ஒரே தொகையாகப் பேசுங்கள். 10,000 + 29,500 = 39,500. கைக்குள் அடங்கும்.

அடுத்து, எத்தனை விற்றால் இந்தக் காசு திரும்பும் என்ற கணக்கு. எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சராசரி பில் 30,000, அதில் லாபம் 20 சதவீதம் என்றால் பில்லுக்கு 6,000. 39,500-ஐ எடுக்க 7 விற்பனை வேண்டும். கடைக்கு வருபவர் நாலு பேரில் ஒருவர் வாங்கினால் 28 பேர் வர வேண்டும். விசாரிப்பவர் அஞ்சு பேரில் ஒருவர் கடைக்கு வந்தால் 140 என்கொயரி வேண்டும். 25,000-ஐ 140 ஆல் வகுத்தால் ஒரு என்கொயரிக்கு சுமார் 180 ரூபாய். அதுதான் உங்கள் உச்சவரம்பு. இந்த எண்ணைச் சொல்லி "இதற்குள் முடியுமா" என்று மூன்று பேரையும் கேளுங்கள். உங்கள் லாப சதவீதத்தைத் திருப்பிக் கேட்பவர் தொழில் தெரிந்தவர். "பிராண்டிங் முக்கியம் சார்" என்று பேச்சை மாற்றுபவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

#3 · பாலாறு

முதலிடம் கேரண்டி பத்தி ஒண்ணு. கூகுளே தன் உதவிப் பக்கத்தில் யாராலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு எழுதி வச்சிருக்கு. மேப்பில் வர்ற வரிசைக்கு கூகுள் சொல்ற காரணம் மூணு: தேடுறதுக்குப் பொருத்தமா இருக்கா, தேடுறவருக்கு எவ்வளவு தூரம், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது. தூரத்தை எந்த ஏஜென்சியாலும் மாத்த முடியாது. பாகாயத்துல நின்னு ஒருத்தர் "ஃபர்னிச்சர் ஷாப் நியர் மீ"ன்னு தேடினா பாகாயம் பக்கத்துக் கடைதான் முன்னாடி வர வாய்ப்பு. கேரண்டி கொடுக்கிறவங்க யாருமே தேடாத வார்த்தையில, உங்க கடைப் பேரையும் தெருப் பேரையும் சேர்த்து ஒண்ணுல, முதலிடம் காட்டிடுவாங்க. ஒப்பந்தப்படி அது சரியாவே இருக்கும்.

பார்ட்னர் பேட்ஜுக்குத் தேவை: 90 நாளில் அவங்க நிர்வாகத்துல 10,000 டாலர் விளம்பரச் செலவு, ஆப்டிமைசேஷன் ஸ்கோர் (விளம்பரக் கணக்கு எவ்வளவு நல்லா அமைஞ்சிருக்குன்னு கூகுள் போடுற மார்க்) 70 சதவீதம், கணக்கு பார்க்கிறவங்கள்ல பாதிப்பேர் சான்றிதழ் பரீட்சை பாஸ். எவ்வளவு செலவழிச்சாங்கன்னு அது சொல்லும். அந்த வாடிக்கையாளருக்கு வியாபாரம் ஆச்சான்னு சொல்லாது.

#4 · காட்பாடிக்காரன்

பாலாறு சொன்னது சரி. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இருக்கிறது: எல்லாக் கணக்கும் கடையின் பெயரில் இருக்க வேண்டும். ஏஜென்சி மாறும், கணக்கு மாறக் கூடாது.

முதலில் கடைக்கென்று ஒரு ஜிமெயில். மீட்பு எண் முதலாளியின் எண். ஊழியர் எண்ணோ டிசைனர் எண்ணோ கூடாது.

கூகுள் ஆட்ஸ் கணக்கை அந்த ஜிமெயிலில் நீங்களே திறங்கள். பத்து இலக்க கஸ்டமர் ஐடி ஒன்று கிடைக்கும். அதை மட்டும் ஏஜென்சிக்குக் கொடுத்தால் போதும். அவர்கள் தங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து இணைப்புக் கோரிக்கை அனுப்புவார்கள், நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் கைமாற வேண்டியதே இல்லை. பிரியும்போது இணைப்பைத் துண்டித்தால் முடிந்தது, பழைய கணக்கு வழக்கெல்லாம் உங்களிடமே இருக்கும். ஏஜென்சி என்ன மாற்றியது, எந்தத் தேதியில் மாற்றியது என்பதெல்லாம் "சேஞ்ச் ஹிஸ்டரி"யில் இரண்டு வருடம் வரை தெரியும். மாதம் முழுக்க அதில் ஒரு வரிகூட இல்லை என்றால் உங்கள் கணக்கை யாரும் தொடவே இல்லை என்று பொருள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் இன்னும் கவனம் தேவை. மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் நடத்தும் கம்பெனி) பிசினஸ் போர்ட்ஃபோலியோ ஒன்றைக் கடை பெயரில் திறந்து, பேஜ், இன்ஸ்டா, விளம்பரக் கணக்கு மூன்றையும் அதற்குள் வையுங்கள். ஏஜென்சிக்கு "பார்ட்னர்" என்ற முறையில் அவர்களுடைய பிசினஸ் ஐடியைப் போட்டு அனுமதி கொடுங்கள். "எங்கள் அக்கவுண்ட்டிலேயே ஓட்டுகிறோம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்பார்கள். அவர்களுடைய போர்ட்ஃபோலியோவில் திறந்த விளம்பரக் கணக்கைப் பிற்பாடு உங்களுடையதற்கு மாற்ற வழியில்லை. ஆறு மாதம் காசு கொட்டிச் சேர்த்த தரவு முழுக்க அங்கேயே நின்றுவிடும்.

வெப்சைட் இருந்தால் டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் என்று இன்றே பாருங்கள். பிறகு, போஸ்டர்களின் மூல ஃபைல். ஜேபெக் மட்டும் கொடுத்தால் அடுத்த வருடம் விலையை மாற்றக்கூட முடியாது. ஃபோட்டோஷாப், கோரல் ஃபைல்கள் மாதாமாதம் உங்கள் டிரைவில் ஏற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

#5 · சத்துவாச்சாரி ஃபர்னிச்சர்

ரொம்ப நன்றிங்க. இதைப் படிச்சதும் பார்த்தேன். கூகுள் மேப்புல கடைக்கு இருக்கிற ப்ரொஃபைல், போர்டு அடிச்சுக் கொடுத்தவர் தன் மெயில்ல போட்டது. ரிவ்யூ 60-க்கு மேல இருக்கு. புதுசா ஒண்ணு போட்டுடலாமா?

#6 · பாலாறு

போடவே போடாதீங்க. ஒரே விலாசத்துல ரெண்டு ப்ரொஃபைல் வந்தா ரிவ்யூ சிதறும், டூப்ளிகேட்னு சொல்லி கூகுள் முடக்கவும் செய்யும்.

சுலபமான வழி முதல்ல: அவருக்கு ஃபோன் போட்டு உங்க ஜிமெயிலை "ஓனர்"ஆ சேர்க்கச் சொல்லுங்க. "மேனேஜர்"னு சேர்த்தா போதாது, மத்தவங்களை நீக்குற உரிமை மேனேஜருக்குக் கிடையாது. ஓனர் ஆன பிறகு முதல் 7 நாள் சில வேலைகள் செய்ய முடியாது. அது முடிஞ்சதும் பிரைமரி ஓனர்ஷிப்பை உங்க பேருக்கு மாத்திக்கலாம்.

அவர் ஃபோன் எடுக்கலைன்னா, கடை ஜிமெயில்ல லாகின் பண்ணி ப்ரொஃபைலைத் தேடி "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்" கொடுங்க. பதில் சொல்ல அவருக்கு 3 நாள். பதில் இல்லைன்னா நீங்களே உரிமை கோர வழி வரும். பெரும்பாலும் வீடியோ கேட்கும். தெருவுல இருந்து தொடங்கி, போர்டு, பக்கத்துக் கடை, உள்ளே சரக்கு, பில் போடுற இடம்னு நிறுத்தாம ஒரே மூச்சுல எடுக்கணும். வெட்டி ஒட்டினா ஏத்துக்காது.

கைக்கு வந்ததும் முதல்ல பேரைப் பாருங்க. போர்டுல இருக்கிற பேர் மட்டும்தான் இருக்கணும். "பெஸ்ட் ஃபர்னிச்சர் ஷாப் இன் வேலூர், சோஃபா, கட்டில்"னு நீட்டி வச்சிருந்தா அதுவே சஸ்பெண்ட் ஆகக் காரணம். கேட்டகரியில "ஃபர்னிச்சர் ஸ்டோர்" முதன்மை, "மேட்ரஸ் ஸ்டோர்" கூடுதல். எந்த ஏஜென்சியாவது "மாசம் 30 ரிவ்யூ போட்டுத் தர்றோம்"னு சொன்னா அந்தக் கொட்டேஷனை அங்கேயே மடிச்சு வச்சிடுங்க. காசுக்கும் தள்ளுபடிக்கும் ரிவ்யூ வாங்குறது கூகுள் விதிக்கு எதிரானது. போலி ரிவ்யூவை நீக்கும்போது உங்க உண்மையான 60-ம் சந்தேகத்துல விழும்.

#7 · காட்பாடிக்காரன்

வேலூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூர் ஏஜென்சிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கூகுள் ஆட்ஸில் ஊர் தேர்வு செய்யும்போது கீழே "லொகேஷன் ஆப்ஷன்ஸ்" என்று சின்னதாக ஒரு பகுதி மடிந்திருக்கும். தானாகவே அது "ப்ரெசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்" என்றிருக்கும். அதாவது வேலூரில் இருப்பவருக்கும் காட்டும், வேலூரைப் பற்றி ஆர்வம் காட்டுபவருக்கும் காட்டும். வேறு சின்ன ஊர் என்றால் இதனால் பெரிய சேதம் இருக்காது. வேலூர் அப்படி இல்லை. சிஎம்சிக்கு வர டிக்கெட் பார்க்கும் கொல்கத்தா குடும்பம், பிள்ளைக்கு விஐடி சீட் தேடும் ஹைதராபாத், பாட்னா பெற்றோர், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கிளம்பும் பெங்களூர்க்காரர், எல்லோரும் வேலூரைப் பற்றித் தேடிக்கொண்டே இருப்பவர்கள். சோஃபா விளம்பரம் அவர்களுக்கெல்லாம் போகும். அறிக்கையில் "உங்கள் விளம்பரம் இத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்தது" என்று பெரிய எண் வரும், கடையில் ஈ ஆடும். அதை "ப்ரெசன்ஸ்" என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு டிக் தான்.

அடுத்தது வட்டம். கடையை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் போட்டால் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு வரை ஏறக்குறைய அடங்கும். 40 என்று இழுத்தால் குடியாத்தம் வரும், ஆனால் சித்தூரும் உள்ளே வந்துவிடும். சித்தூருக்கு டெலிவரி வண்டி அனுப்புவீர்கள், தெலுங்கில் ஃபோன் பேச ஆள் இருக்கிறது என்றால் அதைத் தனி விளம்பரமாகத் தெலுங்கில் ஓட்டுங்கள். இல்லையென்றால் சித்தூரை விலக்கச் சொல்லுங்கள்.

வார்த்தைத் தேர்வு. இங்கே தேடுபவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பேச்சையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், தமிழ் எழுத்தில் தட்டுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும். "பிராட் மேட்ச்" (தொடர்புள்ள எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் முறை) என்று திறந்துவிட்டால் ஃபர்னிச்சர் கடையில் வேலை தேடுபவர், கட்டில் வாடகைக்குக் கேட்பவர், சோஃபா ரிப்பேர், பழைய பொருள் விற்பவர், கார்பென்டர் தேடுபவர் எல்லாருடைய கிளிக்குக்கும் நீங்கள் காசு கொடுப்பீர்கள். "வேலை, சம்பளம், வாடகை, ரிப்பேர், செகண்ட் ஹேண்ட்" போன்றவற்றை நெகட்டிவ் பட்டியலில் (விளம்பரம் காட்டக் கூடாத வார்த்தைகள்) முதல் நாளே சேர்க்க வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை "சர்ச் டெர்ம்ஸ்" அறிக்கையை (மக்கள் உண்மையில் தட்டிய வார்த்தைகள்) திறந்து களை எடுக்க வேண்டும். சர்ச் விளம்பரத்தோடு டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் (மற்ற வெப்சைட், ஆப்களில் காட்டுவது) சேர்ந்து டிக் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடினால் கேம் ஆப்களில் கைதவறி அழுத்தும் கிளிக்கெல்லாம் உங்கள் பில்லில் வரும்.

#8 · காந்தி ரோடு லாட்ஜ்

அப்போ லாட்ஜுக்கு அதே செட்டிங் தலைகீழா வைக்கணுமா?

#9 · காட்பாடிக்காரன்

ஆமாங்க. உங்கள் வாடிக்கையாளர் ரயில் ஏறுவதற்கு முன்னாடியே அறை தேடுபவர். வேலூரைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கு "ப்ரெசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்" அமைப்புதான் சரி. இல்லையென்றால் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று மாநிலம் தேர்ந்தெடுத்து "ப்ரெசன்ஸ்" வைத்து, "சிஎம்சி பக்கத்தில் ரூம்" என்ற தேடலுக்கு வங்காளத்திலும் இந்தியிலும் விளம்பரம். காந்தி ரோட்டுப் போர்டுகளில் வங்காள எழுத்து ஏற்கனவே இருக்கிறது, விளம்பரத்தில்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏஜென்சியைக் கேட்க வேண்டிய கேள்வி: வங்காளத்தில் எழுதுவது யார், சரிபார்ப்பது யார்? இயந்திர மொழிபெயர்ப்பு என்றால் வேண்டாம். ஃபோனை எடுப்பவருக்கும் அந்த மொழி தெரிய வேண்டும். மருத்துவமனை வாசலுக்கு எத்தனை நிமிட நடை, லிஃப்ட் உண்டா, சமைக்க வசதி உண்டா, ஒரு நாள் வாடகை எவ்வளவு: விளம்பரத்தில் இந்த நாலும் போதும்.

#10 · கொசப்பேட்டை டிசைனர்

வேலூர் ஏஜென்சியை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு நினைக்கிறேன். 375 ரூபாய்க்கு போஸ்டர் கிடைச்சாலும் அதைச் செய்றவன் லாங் பஜார் கூட்டத்தையும் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தையும் பார்த்து வளர்ந்தவன். எங்கோ உட்கார்ந்து வேலை செய்ற கம்பெனி அனுப்புற தமிழைப் பார்த்திருக்கீங்களா? "உங்கள் வீட்டை உயர்த்துங்கள்"னு இருக்கும். கட்டில் வாங்க வர்ற அம்மா எந்த வார்த்தையில கேட்பாங்கன்னு உள்ளூர்க்காரனுக்குத் தெரியும்.

ஒரு சோதனை சொல்றேன். "மெத்தை"ன்னு அவங்க கம்ப்யூட்டர்ல தட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒற்றைக் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு முன்னாடி நிக்கணும். ஃபோட்டோஷாப்ல தமிழுக்கு ஏத்த எழுத்து செட்டிங் இல்லைன்னா ரெண்டும் எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், புள்ளி தனியா மிதக்கும். இதைக்கூட கவனிக்காம அச்சடிச்சுக் கொடுக்கிற இடத்துல மொழி தெரிஞ்ச கண் ஒண்ணுகூட இல்லைன்னு அர்த்தம்.

ரீல்ஸுக்கு சினிமாப் பாட்டு போடுறது பத்தியும் எழுதி வாங்குங்க. தனி ஆள் கணக்குல கிடைக்கிற பாட்டு பிசினஸ் கணக்கு விளம்பரத்துக்கு உரிமம் ஆகாது. ஆடியோ முடங்கும், விளம்பரம் நிராகரிக்கப்படும், உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினா அது கடை பேருக்குத்தான் வரும். மெட்டாவோட சவுண்ட் கலெக்‌ஷன்ல இலவச இசை இருக்கு, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்க.

#11 · காட்பாடிக்காரன்

டிசைனர் சொல்வதை ஏற்கிறேன். மொழிக்கு உள்ளூர் ஆள்தான். அப்படியானால் வேலையைப் பிரித்துவிடலாம்: மாதம் 20 போஸ்டர் வேண்டாம், நல்ல விளம்பரம் நாலு, கடையில் எடுத்த வீடியோ ரெண்டு. இதை உள்ளூர் டிசைனரிடம் உருப்படிக் கணக்கில் வாங்கி, விளம்பரம் ஓட்டும் வேலையை மூன்றாமவரிடம் கொடுக்கலாம். டிசைன் செலவுக்கு விளம்பரத் தொகையிலிருந்து மூவாயிரம் நாலாயிரம் குறையும், குறையட்டும். விலை, அளவு, மரம் என்ன, எத்தனை வருட வாரன்டி, டெலிவரி இலவசமா என்று தெளிவாகச் சொல்லும் ஒரு வீடியோ ஒரு மாதம் முழுக்க ஓடும்.

#12 · கணக்கு மேஜை

பில் பக்கம் யாரும் தொடவில்லை, சொல்கிறேன்.

விளம்பரப் பணம் உங்கள் கணக்கிலிருந்து நேரடியாகக் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போக வேண்டும். ஏஜென்சியிடம் மொத்தமாக 35,000 கொடுத்து "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் உள்ளே எவ்வளவு ஓடியது என்று தெரியவே தெரியாது. கணக்கு உங்களுடையதாக இருந்தால் பில்லிங் பகுதியில் மாதாமாதம் இன்வாய்ஸ் இறக்கிக்கொள்ளலாம்.

விளம்பரக் கணக்கு அமைப்பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே போடுங்கள். காட்பாடிக்காரன் கணக்கில் இருந்த 4,500 ரூபாய் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) திரும்ப வரும். அப்போது உண்மைச் செலவு 35,000. ஆறு விற்பனை போதும், 24 பேர் வந்தால் போதும், 120 என்கொயரி போதும். என்கொயரிக்கு 180 என்ற வரம்பு 208 வரை தாங்கும். ஆனால் நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. அப்போது 180 தான்.

தனியாக வேலை செய்பவருக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டால் கேள்வி கேளுங்கள்.

கார்டில் தானாகப் பணம் கழியும்படி வைத்தால் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஓடிபி கேட்கும். அந்த நேரம் கவனிக்காவிட்டால் பணம் போகாது, விளம்பரம் நின்றுவிடும். ஆடி முதல் வாரத்தில் இப்படி நின்றால் பெரிய இழப்பு. யுபிஐ வழியாக வாரம் ஆறாயிரம் என்று முன்கூட்டி ஏற்றிவிடுவது நல்லது. கையை மீறிச் செலவாகவும் வழியில்லை.

#13 · ஆம்பூர் தோல்

எங்க பக்கம் ஷூ, தோல் ஏற்றுமதிக்கு இதே ஆட்களைப் பிடிக்கலாமா?

#14 · பாலாறு

பிடிக்கக் கூடாதுங்க. அங்கே வாங்குறவர் இத்தாலியிலயோ ஜெர்மனியிலயோ உட்கார்ந்திருக்கிற பர்ச்சேஸ் மேனேஜர். ரீல்ஸ் பார்த்து ஆர்டர் போட மாட்டார். உங்களுக்கு வேண்டியது சுத்தமான ஆங்கில வெப்சைட், நல்ல படத்தோட கேட்டலாக், லிங்க்ட்இன், சென்னையில நடக்கிற இந்தியா இன்டர்நேஷனல் லெதர் ஃபேருக்கு முன்னாடி வாங்குறவங்களுக்குப் போற மெயில். எழுதுறவருக்குத் துறை தெரியணும். எல்டபிள்யூஜி (லெதர் வொர்க்கிங் குரூப்) சான்றிதழ்னா என்ன, ஐரோப்பாவுல தோலைத் தொடுற பொருள்ல குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு விதி ஏன் இருக்குன்னு கேளுங்க. முழிச்சா அவர் உங்களுக்கானவர் இல்லை.

மனை விற்கிறவங்களுக்கும் ஒண்ணு: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு தேவைப்படுற மனைப்பிரிவுன்னா விளம்பரத்துல பதிவு எண்ணும் ரெரா வெப்சைட் முகவரியும் இருக்கணும், இன்ஸ்டா போஸ்டரா இருந்தாலும். சித்த வைத்தியம், கிளினிக் நடத்துறவங்க "சர்க்கரை நோயை அடியோட குணப்படுத்துறோம்"னு போஸ்டர் போடச் சொல்ற ஏஜென்சியை விட்டு விலகிடுங்க. 1954-ஆம் வருஷச் சட்டம் அந்த மாதிரி விளம்பரத்தை நேராவே தடுக்குது, சர்க்கரை நோய் அதோட பட்டியல்ல இருக்கு.

#15 · காட்பாடிக்காரன்

ஒப்பந்தம் பற்றி. ஒரு வருடம் வேண்டாம். மூன்று மாதம், பிறகு மாதாமாதம், இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ். மூன்று மாதம் ஏன் என்றால் முதல் மாதம் அமைப்பதிலும் களை எடுப்பதிலும் போகும், இரண்டாம் மாதம்தான் எண்கள் நிலைக்கும், மூன்றாம் மாதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லலாம். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. அதற்கு ஆறு வாரம் முன்பாவது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.

மெட்டாவில் ஒரு நுணுக்கம். ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட், ஒரே இலக்கில் ஓடும் விளம்பரத் தொகுதி) பழகி நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 என்கொயரி வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. உங்கள் பட்ஜெட்டில் கூகுளும் சேர்த்தே மாதம் 140, அதாவது வாரம் 35. அதைச் சோஃபாவுக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று, காட்பாடிக்கு ஒன்று, ஆற்காட்டுக்கு ஒன்று என்று நாலாகக் கிழித்தால் ஒன்றுக்கு ஒன்பதுகூட வராது, எதுவும் பழகாது. ஒன்றே ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

லீட் ஃபார்ம் (விளம்பரத்திலேயே பெயர், எண் நிரப்பும் படிவம்) ஓட்டினால் "ஹையர் இன்டென்ட்" வகையைக் கேளுங்கள். அதில் அனுப்புவதற்கு முன் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லும். எண்ணிக்கை குறையும், "நான் எதையும் அழுத்தவில்லையே" என்று சொல்பவர்களும் குறைவார்கள். மெட்டா அந்த லீட்களை 90 நாள்தான் வைத்திருக்கும். வாரம் ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பக்கத்து வேலை. விளம்பரத்துக்கென்று தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு, அஞ்சு பத்தி: தேதி, பெயர், எங்கே பார்த்தார், கடைக்கு வந்தாரா, பில் தொகை. "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க" என்று பில் போடும்போது கேட்டு எழுத வேண்டும். என்கொயரி வந்த அரை மணிக்குள் யாராவது கூப்பிட வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அந்தச் சமயத்தில்தான் வீட்டிலிருப்பவர்கள் ஃபோனில் தேடுகிறார்கள். இந்த நோட்டு இல்லாவிட்டால் ஏஜென்சி நல்லதா கெட்டதா என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

#16 · சத்துவாச்சாரி ஃபர்னிச்சர்

மூணாவது கொட்டேஷன் கொடுத்த, தனியா வேலை செய்றவரைத்தான் நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். 10,000 ஒரே தொகையாப் பேசப் போறேன். நேர்ல என்ன கேட்கணும்?

#17 · பாலாறு

மூணு விஷயம்.

இப்போ விளம்பரம் ஓட்டுற ரெண்டு கடைப் பேரைக் கேளுங்க. மெட்டா ஆட் லைப்ரரி யார் வேணும்னாலும் பார்க்கலாம், காசு கிடையாது. அந்தப் பேஜைத் தேடினா எந்த விளம்பரம் எந்தத் தேதியிலிருந்து ஓடுதுன்னு தெரியும். மாசக்கணக்கா ஒரே விளம்பரம் ஓடினா பெரும்பாலும் அது பலன் கொடுக்குது. ஒண்ணுமே ஓடலைன்னா அவர் சொன்னது பழைய கதை.

ஒரு கணக்கோட சர்ச் டெர்ம்ஸ் பக்கத்தைப் பேரை மறைச்சுக் காட்டச் சொல்லுங்க. போன மாசம் எந்த வார்த்தைகளை விலக்கினார், ஏன் விலக்கினார்னு கேளுங்க. வேலை செஞ்சவருக்கு யோசிக்காம பதில் வரும்.

மூணாவது, அவரை விட்டு விலகின ஒரு வாடிக்கையாளர் ஏன் விலகினார்னு கேளுங்க. "அப்படி யாருமே இல்லை"ன்னு சொன்னா நம்ப வேண்டாம்.

#18 · கொசப்பேட்டை டிசைனர்

உங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் கூகுள் மேப்புல உங்களைத் தேடிப் பார்த்தாரான்னும் கவனிங்க. வெளிய இருக்கிற போட்டோ பழசு, ஞாயித்துக்கிழமை நேரம் தப்பான்னு நீங்க கேட்காமலே சொல்லணும்.

#19 · சத்துவாச்சாரி ஃபர்னிச்சர்

ஞாயிறு நேரம் தப்பாத்தான் இருக்கு, இப்பதான் பார்த்தேன். போர்டுக்காரர் ஃபோன் எடுக்கலை, ரிக்வெஸ்ட் ஆக்சஸ் அனுப்பிட்டேன். மூணு நாள் கழிச்சு என்ன வருதுன்னு இங்கேயே எழுதுறேன். நோட்டுல அஞ்சு பத்தி போட்டாச்சு. மத்தியானம் ஃபோன் எடுக்க தம்பி ஒத்துக்கிட்டான்.